பதில் சொல்ல ஒரு ஆள்

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் அது இரண்டு இடத்தில்தான் போய் நிற்கும். பிள்ளைகளிடம் போன் இருந்ததா, நெட் இருந்ததா என்பது ஒன்று. கணக்கிலும் வாசிப்பிலும் எவ்வளவு பின்தங்கினார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் வெவ்வேறு வீட்டு மொழி பேசும் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் மொழி வகுப்பை நடத்துகிறவள் என்ற முறையில், இந்த இரண்டுக்கும் நடுவில் நழுவிப்போன ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் மூடிய அன்று பாடத்தோடு சேர்ந்து பேச்சும் நின்றுபோனது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வளரும் பிள்ளைக்குப் பாடம் நின்றதைவிடப் பேச்சு நின்றதுதான் பெரிய நஷ்டம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஏப்ரலுக்குள் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. யுனெஸ்கோ கணக்குப்படி ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள், அதாவது உலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர், வீட்டில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் யுனிசெஃப், குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு எந்த வழியிலும் தொலைநிலைக் கல்வி எட்டவில்லை என்று சொன்னது. இந்த எண்கள் பலருக்கும் பழகியவை. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பழைய எண் ஒன்று இருக்கிறது. உலக மக்களில் 40 சதவீதம் பேருக்கு அவர்கள் பேசுகிற அல்லது அவர்களுக்குப் புரிகிற மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று யுனெஸ்கோ 2016-லேயே எழுதியிருந்தது. நேரில் உட்கார்ந்து கேட்கும்போதே பாதி புரியாத பாடம், அதுவே டிவியிலும் யூடியூபிலும் ஓடினால் எவ்வளவு புரியும்? சிக்னல் நன்றாக இருந்த வீட்டில்கூட இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் போய்ச் சேரவில்லை, ஆனால் கணக்கெடுப்பில் அவர்கள் "ஆன்லைன் வகுப்பில் இருந்தவர்கள்" என்ற பட்டியலில்தான் வருவார்கள்.

பள்ளி மொழியைப் பிள்ளை எங்கே கற்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மொழிப் பாடவேளையில் கற்பது ஒரு பங்குதான். ரப்பர் கடன் கேட்பதில், வரிசையில் முந்திக்கொண்டவனிடம் சண்டை போடுவதில், விளையாட்டு விதியைப் பற்றி வாக்குவாதம் செய்வதில், டீச்சரிடம் யாரையாவது மாட்டிவிடுவதில்தான் மிச்சமெல்லாம் வருகிறது. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-ல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு மொழி வேறு, பாடத்தைப் புரிந்துகொண்டு எழுதத் தேவையான மொழி வேறு. முதலாவது இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும், இரண்டாவது கூடப்படிப்பவர்களின் அளவுக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும் என்று அவரும் மற்றவர்களும் பிறகு கண்டார்கள். அந்த "இரண்டு வருடம்" தானாக ஓடிவிடாது, சுற்றிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால்தான் ஓடும். பள்ளி மூடியதும் பாடப்புத்தக மொழி எப்படியோ பிடிஎஃப் ஆக வந்துகொண்டிருந்தது. சண்டை போடும் மொழி அடியோடு நின்றுபோனது.

இதை நான் ஒரு பெண் குழந்தையிடம் பார்த்தேன். பள்ளிகள் மூடுவதற்குச் சற்று முன்புதான் வகுப்பில் சேர்ந்தவள், பள்ளி மொழியில் அப்போதுதான் வாய் திறக்க ஆரம்பித்திருந்தாள். ஸ்கிரீனில் தினமும் வருவாள், நேரத்துக்கு வருவாள். நான் கேள்வி கேட்பேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு மைக் குறி மறையும். வாய் லேசாகத் திறக்கும். அதற்குள் வேறு மூன்று குரல்கள் பதில் சொல்லி முடித்திருக்கும், குறி மறுபடி சிவப்பாகிவிடும். சில நாள் கவனித்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. மைக் அணைந்த பிறகும் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பதிலை முழுதாகச் சொல்லி முடிப்பாள், யாருக்கும் கேட்காமல்.

அவளுக்குக் கூச்சம் என்று சொல்லி விட்டுவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எல்லா மொழியிலும் இடைவெளி இவ்வளவு குறுகலாகத்தான் இருந்தது. கற்றுக்கொண்டிருக்கும் மொழியில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டவே அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். நேரில் இருந்தால் அந்தக் குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் சாய்வதை நான் பார்ப்பேன், மற்றவர்களும் பார்ப்பார்கள், ஒரு கண நேரம் அவளுக்கு வழி விடுவார்கள். முப்பது சின்னச் சதுரங்களில் யார் மூச்சு இழுக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு மேல் குரல் வந்து சேரும் தாமதம் வேறு. அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை, அதைச் சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பக் கை கொடுத்தவை தொற்றுக்கு முன்பே நடந்த சில ஆய்வுகள். குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா கூல் என்பவரின் குழு, ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைக் கேட்கவைத்தது. சில குழந்தைகளுக்கு ஒரு ஆளே எதிரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார். வேறு சிலருக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். மொத்தம் 12 அமர்வுகள். ஆளோடு இருந்த குழந்தைகள் மாண்டரினின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். வீடியோ பார்த்த குழந்தைகள் எதையும் பிடிக்கவில்லை. 2003-ல் வெளியானது இது. இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, ஸ்கிரீன் வேலைக்கு ஆகாது" என்று 2020-ல் பலர் முடித்துவிட்டார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். 2014-ல் இன்னொரு குழு, இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் புதுச் சொற்களைச் சோதித்தது. பதிவுசெய்த வீடியோவிலிருந்து அவர்கள் கற்கவில்லை. ஆனால் வீடியோ காலில், எதிரில் இருப்பவர் குழந்தை சொல்வதற்கு ஏற்றபடி அப்போதைக்கப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நேரில் கற்றது போலவே கற்றார்கள். கூலின் ஆய்வுக்கூடத்தில் இருந்தே 2018-ல் வந்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொடுதிரை வீடியோவைத் தனியாகப் பார்த்த குழந்தையைவிட, பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு உட்கார்ந்து பார்த்த குழந்தைக்குப் புது மொழியின் ஒலிகள் நன்றாகப் பதிந்தன.

ஆக ஸ்கிரீன் என்பதில் பெரிய விஷயமில்லை. நீ சொன்னதைக் கேட்டு, உனக்கென்று பதில் சொல்ல எதிரில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவியல் குவியலாகப் பாட வீடியோக்கள் பதிவு செய்யப்பட்ட அந்த மாதங்களில், இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த உழைப்பில் பாதியை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம் என்று இப்போதும் எனக்கு ஆதங்கம் உண்டு.

நான் வகுப்பு நேரத்தைக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் போன் பேச வைத்தேன். வெறும் போன், வீடியோ கிடையாது, பேசுவதற்கு டேட்டா செலவு இல்லை. ஒரே வீட்டு மொழி உள்ளவர்களை ஒன்றாகப் போடவில்லை. பள்ளி மொழியை விட்டால் பேச வேறு வழியில்லாத ஜோடிகளாகத்தான் போட்டேன். வேலை எளிமையானது. ஒருவர் தன் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டுக் கேட்டு வரைய வேண்டும், முடிந்ததும் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பெண் குழந்தைக்கு ஜோடியாக வந்தது ஒரு வாயாடிப் பையன். முதல் நாள் அவள் சொன்ன தண்ணீர்த் தொட்டியை அவன் கட்டிடத்துக்கு முன்னால் வரைந்து அனுப்பியிருந்தான். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. முன்னால் இல்லை, பின்னால், பாதிதான் தெரியும், மேலே காக்கா, ஒன்று இல்லை இரண்டு, நீ ஏன் கேட்கவே மாட்டேங்கிறாய் என்று வாய்ஸ் மெசேஜாகக் கொட்டித் தள்ளினாள். இலக்கணம் ஆங்காங்கே இடித்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலையே வரவில்லை. வகுப்பில் மாதக்கணக்கில் வராத அத்தனை வாக்கியங்களும் ஒரே மூச்சில் வந்திருந்தன.

போனின் பலம் பற்றி நல்ல ஆதாரமும் பிறகு வந்தது. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது சில குடும்பங்களுக்குக் கணக்குப் பயிற்சியை எஸ்எம்எஸ்ஸாக மட்டும் அனுப்பினார்கள், வேறு சிலருக்கு எஸ்எம்எஸ்ஸோடு வாரம் ஒரு போன் அழைப்பும் சேர்த்தார்கள். அழைப்பு போன வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். எஸ்எம்எஸ் மட்டும் போன இடத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கணக்குக்கே ஒரு குரல் தேவைப்படுகிறது என்றால் மொழிக்குச் சொல்லவே வேண்டாம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பள்ளி மொழி தேய்ந்த அதே மாதங்களில் பல வீடுகளில் வீட்டு மொழி தழைத்தது. காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வரும் பெற்றோர் வீட்டிலேயே இருந்தார்கள். பாட்டி தாத்தாவோடு எப்போதாவது பேசிய பிள்ளைகள் தினமும் வீடியோ காலில் பேசினார்கள். வகுப்பு நடக்கும்போதே பின்னால் ஒரு பாட்டியின் குரல் பிள்ளையிடம் ஏதோ கேட்கும், பிள்ளை மைக்கை மூடிவிட்டு மடமடவென்று அந்த மொழியில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும். வகுப்பில் திக்கித் திணறும் பையன் வீட்டில் இவ்வளவு சரளமாக, இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறான் என்பதைப் பல ஆசிரியர்கள் அப்போதுதான் முதன்முறையாகக் காதால் கேட்டோம். அது எங்களுக்குக் கிடைத்த பெரிய பாடம், அதை நாங்கள் பயன்படுத்திக்கொண்ட விதம் போதாது.

போதாது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சமயத்தில் பெற்றோர்களிடம் "பள்ளி மொழி மறந்துவிடும், அதனால் இனி வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்" என்று அறிவுரை சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த அறிவுரை தவறு, தயங்காமல் சொல்வேன். ஒரு அம்மா தனக்குச் சரியாக வராத மொழியில் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? கதை சொல்ல மாட்டார், ஏன் எதற்கு என்று விளக்க மாட்டார், "சாப்பிடு, படு, எழுது" என்று மூன்று சொல்லில் நாள் முடிந்துவிடும். பிள்ளை பள்ளி மொழியையும் கற்காது, யோசிக்கிற மொழியையும் இழக்கும். ஒரு மொழியில் ஆழமாகக் கற்றது மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பது கம்மின்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். கதையை முன்னும் பின்னுமாகக் கோர்க்கத் தெரிந்த பிள்ளை, காரணம் சொல்லி வாதாடத் தெரிந்த பிள்ளை, அந்தத் திறமையைப் புது மொழிக்கு எடுத்துவரும், சொற்களை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டால் போதும். என்னிடம் கேட்ட பெற்றோர் எல்லோரிடமும் நான் ஒன்றே சொன்னேன். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் சிரிப்பும் தானாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பிள்ளைகள். இதைப் பற்றி யாருமே போதிய அளவு பேசவில்லை. புது நாட்டிலோ புது ஊரிலோ வாழும் குடும்பங்களில், பள்ளி அனுப்பும் செய்தி, சுகாதாரத் துறை அறிவிப்பு, தடுப்பூசி பதிவுசெய்யும் பக்கம் எல்லாமே பெற்றோருக்குத் தெரியாத மொழியில் வந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் படித்து, புரிந்துகொண்டு, பாட்டிக்குப் பயம் வராதபடி சொல்ல வேண்டியிருந்தது. தனிமைப்படுத்திக்கொள்ள எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரி, யார் யாரைப் பார்க்கக் கூடாது என்று அத்தனையும் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் போனது. பெரிய சுமை அது. பிள்ளைகள் தலையில் இறங்கியிருக்கவே கூடாது, அறிவிப்புகளைப் பல மொழிகளில் தருவது அரசுகளின் வேலை. ஆனாலும் நடந்தது நடந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியபோது அவர்களிடம் இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்று சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி இருந்தது. எந்தத் தேர்விலும் அதற்கு ஒரு கேள்வி இல்லை. "கற்றல் இழப்பு" என்று ஒரே தலைப்பில் எல்லாப் பிள்ளைகளையும் அடைத்தபோது இவர்களும் அதில் அடைபட்டார்கள்.

பல்பண்பாட்டுக் கல்வி என்று பாடத்திட்டங்களில் ஒன்று இருக்கிறது. சாதாரண நாளில் அது ஒரு கொண்டாட்ட தினம், சில கொடிகள், சில உடைகள், ஒரு மேடை என்று முடிந்துவிடும். தொற்று வந்ததும் மேடை இல்லை, அதனால் பல இடங்களில் அந்தக் கல்வியும் இல்லாமல் போனது. அது வேண்டியிருந்த நேரமோ அதுதான். நோயின் பெயரில் மக்களைக் குற்றம் சொல்லும் பழக்கம் பழையது, இந்த முறையும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே, புது நோய்களுக்கு ஊர், நாடு, இனம் சார்ந்த பெயர் வைக்காதீர்கள் என்று வழிகாட்டியிருந்தது. அதன்படிதான் 2020 பிப்ரவரி 11 அன்று கோவிட்-19 என்ற பெயரை அறிவித்தார்கள். இருந்தும் ஆசிய முகம் உள்ளவர்கள் பல நாடுகளில் தெருவில் வசை வாங்கினார்கள், அடி வாங்கினார்கள். மே மாதம் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ், தொற்று வெறுப்புச் சுனாமியைக் கிளப்பிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். இதையெல்லாம் பிள்ளைகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றிக் கேட்க ஒரு வகுப்பறை இல்லாமல்.

நோய்க்கு ஏன் ஊர்ப் பெயர் வைக்கக் கூடாது என்பதை நான் ஒரு பாடமாகவே எடுத்தேன். பெரிய பிள்ளைகள் அன்று பேசிய அளவுக்கு வேறு எந்த வகுப்பிலும் பேசவில்லை. தன் ஊர்ப் பெயரில் நோய் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவன் கேட்டதும், எல்லோரும் தங்கள் தங்கள் ஊரை வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள், அப்புறம் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

வேறு வேறு கூட்டத்து மனிதர்களைச் சும்மா பக்கத்தில் உட்காரவைத்தால் வெறுப்பு குறையாது என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். சம அந்தஸ்து வேண்டும், பொதுவாக ஒரு இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். தூரத்து வகுப்புகள் இரண்டை வீடியோவில் இணைக்கும் முயற்சிகளிலும் இதையே பார்க்கலாம். ஐரோப்பாவில் இ-ட்வின்னிங் (eTwinning) என்ற பெயரில் 2005 முதல் பள்ளிகள் இப்படி இணைந்து வேலை செய்துவருகின்றன, அதனால் அவர்களுக்கு இது புதிதாக இல்லை. ஆளுக்கொரு ஸ்லைடு காட்டி "இது எங்கள் பண்பாடு" என்று சொல்லிவிட்டுக் கலைந்தால் யாரும் யாரையும் தெரிந்துகொள்ளப்போவதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு கதை எழுத வேண்டும், அல்லது ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும் என்றால் பேசித்தான் ஆக வேண்டும். என் ஜன்னல் படங்களிலும் அதுதான் நடந்தது. அந்தப் பையனுக்கு அவள் வீட்டுப் பக்கம் என்ன இருக்கிறது, காலையில் யார் சத்தம் போடுகிறார்கள், அவள் தம்பி பெயர் என்ன என்பதெல்லாம் தெரிந்துவிட்டது, ஒரு நாளும் "பண்பாடு" என்று யாரும் தலைப்பு போடவில்லை.

ஒன்று மட்டும் இதில் கவனம் வேண்டும். வீடு ஸ்கிரீனில் தெரிவதை எல்லாப் பிள்ளையும் விரும்பாது. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு, கூரை ஒழுகும் வீடு, சண்டை நடக்கும் வீடு எல்லாம் உண்டு. கேமராவைக் கட்டாயமாக்கிய வகுப்புகள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிள்ளை எதைக் காட்ட விரும்புகிறதோ அதைக் காட்டட்டும், குரல் போதும்.

பள்ளிகள் திறந்த பிறகு முகக்கவசம் வந்தது. உதடு தெரியாமல் ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, புது மொழி கற்பவர்களுக்குக் கூடுதல் சிரமம். பேச்சைக் காதோடு கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது என்பதை 1976-லேயே மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். மெதுவாக, திரும்பச் சொல்லி, கையால் காட்டிச் சமாளித்தோம். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதற்கு மேல் இல்லை, ஏனென்றால் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள், இரைச்சல் திரும்பியிருந்தது, ரப்பருக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

இனி பள்ளி மூடவே மூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளம் வரலாம், வெப்ப அலை வரலாம், இன்னொரு நோய் வரலாம். அன்றைக்கு வீடியோ பதிவுசெய்ய ஓடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியது ஒரு பதிவேடு. எந்தப் பிள்ளை எந்த மொழியை யாரோடு பேசுகிறது, வீட்டில் பள்ளிச் செய்தியை யார் படிக்கிறார்கள், போன் எந்த நேரம் வீட்டில் இருக்கும், பேச ஜோடியாக யாரைப் போடலாம் என்று பிள்ளைக்கு நாலு வரி போதும். பல பள்ளிகளின் சேர்க்கைப் படிவத்தில் "தாய்மொழி" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, மூன்று மொழி பேசும் பிள்ளைக்கும் அதே கட்டம். என் வகுப்புக்கு நானே ஒரு நோட்டு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். போன் நம்பர்கள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் பருவத்துக்கு ஒரு முறை எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டுச் சரிபார்க்கிறேன்.